கடைமடைக்கும் வைஃபை வரணும்ல!

இந்த மாசம் வந்த கடிதாசி, மெயில் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டா முக்கால்வாசி ஒரே விஷயம்தான். வீட்டுக்கு ஒரு நெட் லைன் வந்துருச்சு, அத எல்லா மெஷினுக்கும் எப்படி பிரிச்சுக் கொடுக்குறது? மேட்டூர் தொறந்தாச்சு, நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்னு கேக்குற ஊர்க்காரங்க இதையும் அதே கவலையோடதான் கேக்குறாங்க. பிரிண்டர் கேள்விங்கள அடுத்த மாசம் பாத்துக்கலாம், இந்த தடவ முழுக்க ரவுட்டர்தான்.

கே: பைபர் லைன் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு சார். கேபிள்காரர் வெள்ளைப் பெட்டி ஒண்ணு மாட்டிட்டு போனார். பையன் வீட்லேர்ந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேல பாக்குறான், பொண்ணு காலேஜ், ரெண்டு பேருக்கும் லேப்டாப். என்னோடது பழைய டெஸ்க்டாப், அதுல வைஃபை கிடையாது. மூணுக்கும் நெட் வேணும்னா தனியா ரவுட்டர் வாங்கணும்ங்குறாங்க, இன்னொருத்தர் ரெண்டாவது கனெக்‌ஷனே எடுத்துடுங்கன்னு சொல்றார். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

ப: ரெண்டாவது கனெக்‌ஷன் எடுக்கச் சொன்னவர் யாருன்னு தெரியல, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு போங்க, மொய் வைங்க, ஆனா நெட் விஷயத்துல மட்டும் அவர் பேச்ச கேக்காதீங்க ஐயா.

அந்த வெள்ளைப் பெட்டிய திருப்பி பின்னாடி பாருங்க. பச்சை மூக்கு வச்ச மெல்லிசு ஒயர் ஒண்ணு சொருகியிருக்கும், அதுதான் பைபர், உள்ள இருக்குறது கண்ணாடி நூல். பக்கத்துல சதுரமா ரெண்டோ நாலோ ஓட்டை, லேன் 1, லேன் 2ன்னு எழுதியிருக்கும். உங்க போன்ல அந்தப் பெட்டியோட வைஃபை பேரு தெரிஞ்சுதுன்னா வெளி லைன உள்ள கொண்டு வர்ற மோடமும் அதுதான், பிரிச்சுக் கொடுக்குற ரவுட்டரும் அதுதான், தனியா ஒண்ணும் வாங்க வேணாம். லேப்டாப் ரெண்டும் வைஃபைல ஓடட்டும், உங்க டெஸ்க்டாப்புக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து சொருகுங்க, வேல முடிஞ்சுது. டெஸ்க்டாப் மாடியில இருக்கு, ஒயர் இழுக்க முடியாதுன்னா யூஎஸ்பில சொருகுற வைஃபை டாங்கிள்னு சின்னதா ஒண்ணு விக்குது, அத வாங்கிக்கலாம்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அப்பறம் யார் வந்து குழப்பினாலும் குழம்ப மாட்டீங்க. கம்பெனிக்காரன் உங்க வீட்டு லைனுக்கு கொடுக்குறது ஒரே ஒரு ஐபி அட்ரஸ். ரவுட்டர் என்ன பண்ணும்னா வீட்டுக்குள்ள இருக்குற ஒவ்வொரு மெஷினுக்கும் 192.168ன்னு ஆரம்பிக்குற உள்ளூர் நம்பர் ஒண்ண தானாவே ஒதுக்கிக் கொடுத்துரும். கூட்டுக் குடும்பத்துல ஒரே கதவு நம்பருக்கு தபால் வந்தா திண்ணையில உக்காந்திருக்குற தாத்தா வாங்கி, இது பெரியவனுக்கு, இது மருமகளுக்குன்னு பிரிச்சுக் கொடுப்பாருல்ல, அந்த வேலதான் ரவுட்டருக்கு, எந்த மெஷின் என்ன கேட்டு அனுப்புச்சுன்னு குறிச்சு வச்சிக்கிட்டு பதில் வந்ததும் அதுக்கே கொண்டு போய் கொடுக்கும். 192.168 நம்பர் உங்க வீட்லயும் இருக்கும், எதிர்வீட்லயும் இருக்கும், அமெரிக்காவுல உங்க அக்கா பையன் வீட்லயும் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காது, ஏன்னா அது வாசப்படி தாண்டி வெளிய போகவே போகாது.

50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட், நெட் வேகத்தோட கணக்கு) லைன்னா ஆளுக்கு 16ன்னு பாகப்பிரிவினை நடக்குறதில்ல. யாரு கேக்குறாங்களோ அவங்களுக்கு போகும். பொண்ணு தூங்கிட்டா மொத்தமும் உங்களுக்குத்தான். வீடியோ ஒண்ணு நல்ல தெளிவா ஓட 5 எம்பிபிஎஸ் போதும்கிறப்ப மூணு பேருக்கு 50 தாராளம். பையன் மீட்டிங் மட்டும் திடீர்னு திக்குதுன்னா யாரோட போனாவது கல்யாண போட்டோ வீடியோவெல்லாம் பேக்கப் ஏத்திக்கிட்டு இருக்கான்னு பாருங்க. எல்லாரும் டவுன்லோடையே பாப்பாங்க, மேல ஏத்துற பாதை அடைச்சுக்கிட்டாலும் கீழ வர்றது தடுமாறும்.

ஒயர் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இதுலதான் கடைல ஏமாத்துறாங்க. கேட்6 ஒயர்னு கேட்டு, சுத்த காப்பரான்னும் கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல காப்பர் பூசுனதும் அதே கலர்ல அதே டப்பாவுல விக்குது, ரெண்டு தடவ மடக்குனா உள்ளயே ஒடைஞ்சுரும். உள்ள எட்டு நூல் இருக்கும், முனையில ஒட்டுறப்ப வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன், இதுதான் வரிசை, ரெண்டு முனையிலயும் அதே வரிசை வரணும். இதுல ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் சரியா பட்டிருந்தா நெட் வரும், ஆனா 100 எம்பிபிஎஸ்ஸ தாண்டாது. ஜிகாபிட்னா, அதாவது 1000 எம்பிபிஎஸ்னா, நாலு ஜோடியும் வேணும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டுட்டு 95க்கு மேல ஏற மாட்டேங்குதுன்னு கம்பெனிக்காரன்கிட்ட சண்ட போட்ட ஒருத்தர் வீட்டுக்கு நான் போய் பாத்தா, பிரவுன் நூல் ஒண்ணு நகத்தளவு குட்டையா வெட்டியிருக்கு, தகட்டையே தொடல. ஒரு முனைய வெட்டி திரும்ப அடிச்சேன், அவ்ளோதான்.

கே: 100 எம்பிபிஎஸ் பிளான், ஆனா சினிமா டவுன்லோட் பண்ணா 12தான் காட்டுது. ஏமாத்துறாங்களா அண்ணே?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: இல்ல தம்பி. பிளான்ல சொல்றது பிட், டவுன்லோட்ல காட்டுறது பைட், எட்டு பிட் சேந்தா ஒரு பைட். 100ஐ 8ஆல வகுத்துப் பாரு. என்ன சினிமான்னு நான் கேக்கல.

கே: எங்களது பழைய வீடு. வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் நீளமா ரயில் பெட்டி மாதிரி இருக்கும். ரவுட்டர் ரேழியில மாட்டியிருக்கு. கூடம் வரைக்கும் பரவாயில்ல, சமையக்கட்டு தாண்டி கொல்லை பக்கம் இருக்குற ரூம்லதான் மாமனார் இருக்கார், அவரோட கம்ப்யூட்டரும் அங்கதான், அங்க ஒரு புள்ளிதான் காட்டுது. பூஸ்டர்னு ஒண்ணு வாங்கி கரண்ட் பிளக்குல சொருகினோம், சிக்னல் நிறைய காட்டுது, ஆனா நெட் நகர மாட்டேங்குது. வேற பெரிய ரவுட்டரா வாங்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

ப: அக்கா, இந்த ஒரு கேள்விக்கே இந்தப் பக்கம் முழுக்க கொடுக்கலாம், ஏன்னா நம்ம டெல்டா பூரா இதே வீடுதான், இதே கஷ்டம்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையக்கட்டு, கொல்லைன்னு கோடு போட்ட மாதிரி போகும், குறுக்க வர்ற சுவர் ஒவ்வொண்ணும் சுண்ணாம்புக் காரையில கட்டின ஒண்ணர அடி செங்கல் சுவரு. வெயிலுக்கு அருமையான வீடு, வைஃபைக்கு எமன். புது வீட்ல நாலு இஞ்சு சுவத்த தாண்டி போற சிக்னல் இங்க ரெண்டாவது சுவத்துலயே மூச்சு வாங்கும்.

பெரிய ரவுட்டர் வாங்கி பிரயோஜனம் இல்ல. ஆறு கொம்பு எட்டு கொம்பு வச்சு சிலந்தி மாதிரி வர்றத பாத்து மயங்காதீங்க. ரவுட்டர் சத்தமா கத்துனா மட்டும் போதாது, உங்க மாமனார் கம்ப்யூட்டர் திருப்பி பதில் சொல்றது ரவுட்டர் காதுல விழணும்ல, அதோட கொம்பு சின்னதுதான.

பூஸ்டர் ஏன் ஏமாத்துச்சுன்னா, அது முன்னாடி இருக்குற சிக்னல பிடிச்சு பின்னாடி திருப்பிச் சொல்ற ஆளு. நீங்க அத கொல்லை ரூம்லயே சொருகியிருப்பீங்க, அங்க அதுக்கே அரைகுறையாத்தான் கேக்குது, அரைகுறையா கேட்டத சத்தமா சொல்லுது, உங்களுக்கு காட்டுற நாலு புள்ளி பூஸ்டருக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ளது மட்டும்தான். அது போக, விலை கம்மியான பூஸ்டர் கேக்குறதும் சொல்றதும் ஒரே சேனல்ல (ரேடியோ ஸ்டேஷன் மாதிரி ஒரு அலைவரிசை), அதனால வேகம் அங்கயே பாதியாயிரும்.

நம்ம ஊர் பாஷையில சொன்னா இது கடைமடை பிரச்சன. தலைமடையில தண்ணி கரைபுரண்டு ஓடும், கடைமடையில வயல் வெடிச்சுக் கிடக்கும். ஆனா இந்த வாய்க்கா உவமைய எல்லாரும் சொல்றாங்க, பாதிதான் சரி. சாதாரண வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், அதாவது இது முறை வச்சு தண்ணி பாய்ச்சுற கணக்கு. இப்ப கொல்லை ரூம்ல அரை உயிரா இருக்குற கம்ப்யூட்டர் தன் முறை வர்றப்ப மெல்ல மெல்ல, ஒவ்வொரு வார்த்தையா, கேக்கலன்னா திரும்ப ஒரு தடவன்னு பேசும், அது முடிக்குற வரைக்கும் கூடத்துல நல்ல சிக்னல்ல உக்காந்திருக்குற உங்க போனும் காத்துக்கிட்டு நிக்கணும். கடைமடைக்கு தண்ணி போகலன்னா வயல்ல கடைமடைக்காரன் மட்டும்தான் அழுவான், வைஃபைல தலைமடைக்காரனுக்கும் சேத்து காயும். மாமனார் கம்ப்யூட்டர் ஓடுறப்ப வீட்டுக்கே நெட் மந்தமாகுதான்னு கவனிச்சுப் பாருங்க, ஆகும்.

என்ன பண்ணலாம்? காசு செலவில்லாத வழி மொதல்ல. ரவுட்டர ரேழியிலேர்ந்து எடுத்து கூடத்துல, முற்றத்த பாத்த மாதிரி, ஆள் உயரத்துக்கு மேல மாட்டுங்க. முற்றம் திறந்தவெளி, அது வழியா சிக்னல் ரெண்டு பக்கமும் சும்மா போகும். ஸ்டீல் பீரோவுக்கு மேல வைக்காதீங்க, டிவிக்கு பின்னாடி ஒளிக்காதீங்க, பூஜை அலமாரியில சாமி படத்துக்கு பின்னாடி ஒரு வீட்ல வச்சிருந்தாங்க, அதுவும் வேணாம். கேபிள்காரர்கிட்ட சொன்னா பைபர கூடம் வரைக்கும் நீட்டிக் கொடுப்பார்.

அதுக்கும் கொல்லை ரூம் எட்டலன்னா ஒயர்தான். மரத்து விட்டம் ஓரமா கேட்6 ஒயர் ஒண்ண கொல்லை ரூம் வரைக்கும் இழுங்க. லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும், எவ்வளவு நீளமான வீடா இருந்தாலும் அதுக்குள்ள அடங்கிரும். அந்த முனையில இன்னொரு ரவுட்டர், வீட்ல பழைய ரவுட்டர் எதாவது தூசி படிஞ்சு கிடந்தா அதுவே போதும். இப்ப கவனமா கேட்டுக்குங்க. பழைய ரவுட்டர முதல்ல தனியா மாமனார் கம்ப்யூட்டர்ல மட்டும் சொருகி செட்டிங்குக்குள்ள போய், அதோட நம்பர 192.168.1.2ன்னு மாத்துங்க (முன்னாடி இருக்குற பெட்டி 192.168.1.1ஆ இருந்தா), டிஹெச்சிபின்னு ஒண்ணு இருக்கும், மெஷினுக்கெல்லாம் உள்ளூர் நம்பர் ஒதுக்குற வேல அதோடது, அத ஆஃப் பண்ணுங்க, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் முன்னாடி ரவுட்டர்ல இருக்குறதையே போடுங்க, சேனல் மட்டும் வேற. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல் 1, 6, 11, முன்னாடி 1ன்னா பின்னாடி 6 வைங்க. அப்பறம் அந்த நீள ஒயர பழைய ரவுட்டரோட லேன் ஓட்டைல சொருகுங்க. வேன்னு ஒரு ஓட்டை தனி கலர்ல இருக்கும், கல்யாண வேன் இல்ல, வெளி லைனுக்கான ஓட்டை, அத சும்மா விட்டுருங்க. சில ரவுட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு ஒரு பட்டனே இருக்கும், அத தட்டுனா இந்த வேலையெல்லாம் அதுவே பண்ணிக்கும்.

டிஹெச்சிபிய ஆஃப் பண்ண மறந்துட்டீங்கன்னா திண்ணையில ரெண்டு தாத்தா உக்காந்து தபால் பிரிக்குற கதையாயிரும், அரை வீட்டுக்கு நெட் வரும், அரை வீட்டுக்கு வராது, எந்த அரைன்னு ரவுட்டருக்கே தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும், நானே பட்டது. பிரவுசிங் சென்டர் வச்சிருந்த காலத்துல எட்டு கம்ப்யூட்டருக்கு ஒரே லைன், 256 கேபிபிஎஸ். சிரிக்காதீங்க, 2004 பாலிசிப்படி அந்த வேகம் இருந்தாலே பிராட்பேண்ட்னு பேரு, 2023லதான் குறைஞ்சது 2 எம்பிபிஎஸ்னு மாத்துனாங்க. பிளஸ் டூ ரிசல்ட் நாள், கடை வாசல்ல புள்ளைங்களும் அப்பா அம்மாவும் நெருக்கி நிக்குறாங்க, மேசைக்கு அடியில ஒரு ஒயர் கழண்டு தொங்குது, நான் குனிஞ்சு அத எடுத்து, எல்லா மெஷினோட லேன் ஒயரும் வந்து சேர்ற சுவிட்ச் பெட்டில காலியா இருந்த ஓட்டைல சொருகிட்டேன். அடுத்த நொடி பெட்டில இருக்குற அத்தன பச்சை லைட்டும் ஒரே தாளத்துல வெறி பிடிச்ச மாதிரி மினுக்குது, எட்டு மெஷின்லயும் நெட் காலி. லைன்தான் போச்சுன்னு நான் போன் போட்டு கத்திக்கிட்டு இருக்கேன். இருபது நிமிஷம் கழிச்சு ஒரு பொண்ணு, ரிசல்ட் பாக்க வந்த பொண்ணுதான், மேசைக்கு அடியில கைய காட்டி “அண்ணே, இந்த ஒயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டிலதான இருக்கு”ன்னுச்சு. போன தகவல் திரும்ப அதே பெட்டிக்குள்ள வந்து, அது திரும்ப போய், திரும்ப வந்து, சுத்திக்கிட்டே கிடந்திருக்கு. அதனால அக்கா, ஒயர் சொருகுறப்ப இன்னொரு முனை எங்க இருக்குன்னு பாத்துட்டு சொருகுங்க. அந்தப் பொண்ணு நல்ல மார்க்கு.

கே: பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை. பின்னாடி பில் போடுற கம்ப்யூட்டருக்கு வைஃபை விட்டு விட்டு வருது. ரவுட்டர் கடை முன்னாடி ஷெல்ஃப்ல இருக்கு.
– வியாபாரி, கும்பகோணம்

ப: குடம், அண்டா, தவலைன்னு அடுக்கி வச்சிருக்கீங்கள்ல, சிக்னலுக்கு அதெல்லாம் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி. பட்டுத் தெறிக்கும், உள்ள போகாது. தீபாவளிக்கு சரக்கு இறக்குனதும் மோசமாச்சான்னு யோசிச்சுப் பாருங்க. பில் மெஷினுக்கு ஒயர் போட்டுருங்க அண்ணே, பணம் வாங்குற இடத்துல வைஃபைய நம்பாதீங்க.

கே: பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். ஒரே கனெக்‌ஷன் வச்சிக்கிட்டு பில்ல பாதி பாதி போட்டுக்கலாம்ங்குறார். மொட்ட மாடி வழியா ஒரு லேன் ஒயர் போட்டா போதும்னு எலெக்ட்ரீஷியனும் சொல்றார். செய்யலாமா?
– வாசகர், திருவாரூர்

ப: போட முடியுமான்னு கேட்டா முடியும், பத்து நிமிஷ வேல. போடலாமான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், பக்கத்து வீட்டுக்காரர் இதப் படிச்சா என்ன திட்டட்டும்.

மொத விஷயம், வீட்டு கனெக்‌ஷன் எடுக்குறப்ப நீங்க கையெழுத்து போட்ட தாள்ல இத வேற இடத்துக்கு கொடுக்க மாட்டேன், விக்க மாட்டேன்னு பொதுவா ஒரு வரி இருக்கும், நம்மதான் படிக்குறதில்ல. ரெண்டாவது, லைன் உங்க பேர்ல. அவர் வீட்டுக்கு லீவுக்கு வந்த மச்சான் பையன் விவகாரமா எதையாவது நெட்ல பண்ணிட்டா விசாரிக்குறவங்க வந்து தட்டுறது உங்க கதவத்தான். ரவுட்டர் பத்தி முன்னாடி சொன்னேன்ல, உள்ள எத்தன பேர் இருந்தாலும் வெளியில தெரியுறது ஒரே அட்ரஸ்னு, அந்த வசதியே இங்க வினையாகும். கொழம்பு மிஞ்சுனா சுவத்து மேல கிண்ணத்துல வச்சுக் கொடுக்குறோம், அதுக்காக ஈபி மீட்டர்லேர்ந்து ஒயர் இழுத்துக் கொடுப்போமா?

மூணாவதுதான் எனக்கு பெரிய பயம். மொட்ட மாடியில காப்பர் ஒயர். ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் விழுற இடி உங்களுக்கு தெரியும். நேரா ஒயர் மேல விழணும்னு அவசியமில்ல, பக்கத்து தென்னையில விழுந்தாலே அந்த ஒயர்ல ஒரு அதிர்ச்சி ஓடி வந்து ரெண்டு வீட்டு ரவுட்டரையும், கூடவே சொருகியிருக்குற கம்ப்யூட்டரையும் சேத்து சுட்டுட்டு போயிரும். ஒரே ஆளுக்கு ரெண்டு கட்டடம் இருந்து, நடுவுல லைன் போட்டே ஆகணும்னா காப்பர் வேணாம், பைபர் போட்டு ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் (பைபர் வெளிச்சத்த லேன் ஒயர் சிக்னலா மாத்துற பெட்டி) வைங்க, கண்ணாடி நூல்ல கரண்ட் ஓடாது.

அவர் மனசு கோணாம சொல்லணும்னா இப்படிச் சொல்லுங்க, அவசரத்துக்கு எங்க கெஸ்ட் வைஃபை பாஸ்வேர்ட் வச்சிக்குங்க, உங்க லைன் போனா ரெண்டு நாள் ஓட்டிக்குங்கன்னு. ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கும், அதுல வர்றவங்களுக்கு நெட் கிடைக்கும், உங்க கம்ப்யூட்டர் ஃபைல் எதையும் எட்டிப் பாக்க முடியாது. பொங்கலுக்கு சொந்தக்காரங்க வந்தாலும் அதையே கொடுங்க.

இதே மாதிரி டீக்கடைல வைஃபை கொடுத்து காசு வாங்கலாமான்னு நீடாமங்கலத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அதுக்குன்னே 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம் இருக்கு. சின்ன கடைக்காரங்க லைசென்ஸ் இல்லாமலே, அந்தத் திட்டத்துல பதிவு பண்ண இடைநிலை கம்பெனி ஒண்ணோட சேந்து வைஃபை விக்கலாம். அந்த வழியில போங்க, வீட்டு லைன கடைல விக்காதீங்க.

கே: கரண்ட் போனா நெட்டும் போயிருது. ஷட்டவுன் நாள்ல பையன் வேலையே கெட்டுப் போகுது. ரவுட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் இருக்காமே?
– வாசகி, வேதாரண்யம்

ப: இருக்கும்மா, மினி யூபிஎஸ்னு கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர் அடாப்டர் மேல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட், இப்படி எதாவது இருக்கும். வோல்ட் கண்டிப்பா ஒத்துப் போகணும், ஆம்பியர் அதிகமா இருக்கலாம், கம்மியா இருக்கக் கூடாது. பின் சரியா உள்ள போகுதுங்குறதுக்காக 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்துறாதீங்க.

எவ்வளவு நேரம் நிக்கும்ங்குறதுல விளம்பரத்த நம்பாதீங்க, நீங்களே கணக்கு போடலாம். 8000 எம்ஏஹெச்னு போட்டிருப்பான், அது உள்ள இருக்குற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 8 ஆம்பியர்மணிய 3.7ஆல பெருக்குனா ஏறக்குறைய 30 வாட் மணி. பெட்டி 10 வாட் இழுத்துச்சுன்னா மூணு மணி நேரம், 12 வோல்ட்டா ஏத்துறதுல கொஞ்சம் வீணாப் போறத கழிச்சா ரெண்டர. காலைல ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஷட்டவுன்னா அது காணாது, வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அந்த லைன்லயே ரவுட்டர சொருகிருங்க.

ஒரு விஷயம், உங்க வீட்டுக்கும் கேபிள்காரர் ஆபீசுக்கும் நடுவுல போஸ்டுல தொங்குற பிரிப்பான் டப்பாவுக்கு கரண்ட் வேணாம், வெறும் கண்ணாடி, வெளிச்சத்த பிரிச்சு அனுப்பும். கரண்ட் தேவப்படுறது ரெண்டே இடம், உங்க வீடு, அவர் ஆபீஸ். அவர்கிட்ட பேட்டரி எத்தன மணி நேரம் நிக்கும்னு கேட்டு வச்சிக்குங்க, அவரது ஒரு மணி நேரத்துல படுத்துரும்னா நீங்க எவ்வளவு பெரிய யூபிஎஸ் வாங்கியும் புண்ணியமில்ல. மத்தபடி கஜா மாதிரி வந்தா, 2018 நவம்பர் 16 விடியக்காலைல உங்க ஊர் பக்கம் கரை கடந்தத நான் சொல்லித்தான் தெரியணுமா, போஸ்டே இல்லாதப்ப எந்த யூபிஎஸ்ஸும் உதவாது.

கே: தென்னந்தோப்பு, வீட்லேர்ந்து போர் செட் கொட்டகை 300 மீட்டர் இருக்கும். அங்க ஒரு கேமரா வைக்கணும், வீட்டு நெட்லேர்ந்தே எடுக்கணும்.
– விவசாயி, பட்டுக்கோட்டை

ப: லேன் ஒயர் 100 மீட்டர்தான், அதுக்கு மேல போனா நம்ப முடியாது, எலி வேற கடிச்சு வைக்கும். வெளியில மாட்டுற மாதிரி வயர்லெஸ் பெட்டி ஜோடியா விக்குது, 5 கிகாஹெர்ட்ஸ்ல பேசிக்கும், ஒண்ணு வீட்டு மாடியில, ஒண்ணு கொட்டகை மேல கம்பம் நட்டு. 300 மீட்டர் அதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா ஒண்ண ஒண்ணு நேருக்கு நேரா பாக்கணும், நடுப்பாதையில அந்த நேர்கோட்ட சுத்தி ரெண்டு மீட்டராவது வெட்டவெளி வேணும். தென்னை மட்டை குறுக்க வந்தா, அதுலயும் மழையில நனைஞ்ச மட்டைன்னா, சிக்னல குடிச்சுரும். தோப்பு ஓரமா மரமில்லாத வரப்பு பக்கம் பாத்து கம்பத்த நடுங்க. தோப்பு அடர்த்தியா இருந்து எந்தப் பக்கமும் வழி கிடைக்கலன்னா இந்த செலவே வேணாம், சிம் போடுற கேமரா வாங்கி வைங்க.

கே: பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம் ஆடுறான். அவன் போனுக்கு மட்டும் பத்து மணிக்கு மேல நெட் கட் ஆகுற மாதிரி ரவுட்டர்ல செட் பண்ணேன், ரெண்டு நாள் வேல செஞ்சுது, அப்பறம் இல்ல.
– ஒரு அம்மா, மன்னார்குடி

ப: பையன் உங்கள விட உஷாரா இருக்கான், இல்லன்னா அவனுக்கே தெரியாம நடந்திருக்கு. ரவுட்டர் போன அடையாளம் வச்சிக்குறது மேக் அட்ரஸ்ங்குற நம்பர வச்சு. ஆண்ட்ராய்டு 10லேர்ந்து போன் தன் நிஜ நம்பர காட்டாம வைஃபைக்குன்னு ஒரு பொய் நம்பர காட்டும், வைஃபைய மறக்க வச்சு செட்டிங்க மாத்துனா நம்பரும் மாறிரும், ரவுட்டருக்கு அது வேற ஆளு. அவன் போன்ல உங்க வைஃபை பேர தட்டி, பிரைவசின்னு இருக்குறதுல போன் மேக்னு மாத்தி விட்டு, அந்த நம்பர ரவுட்டர்ல திரும்ப போடுங்க. ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல உள்ளதுதான்னா அதையும் மாத்துங்க, இப்ப அவன் நம்பர்தான மாத்துறான், விட்டா செட்டிங்கயே மாத்திட்டு போயிருவான். மொபைல் டேட்டா இருக்கேன்னு கேட்டா, அதுக்கு இந்தப் பக்கத்துல பதில் இல்லம்மா.

கே: வைஃபை பாஸ்வேர்ட் மறந்து போச்சு. பெட்டிக்கு பின்னாடி ரீசெட்னு சின்ன ஓட்டை இருக்கு, ஊக்கால குத்தலாமா?
– வாசகர், பாபநாசம்

ப: குத்தாதீங்க, குத்தாதீங்க! குத்துனா பாஸ்வேர்ட் மட்டும் போகாது, கேபிள்காரர் உள்ள போட்டு வச்ச யூசர் நேம், லைன் செட்டிங் எல்லாம் அழிஞ்சு பெட்டி பொறந்த குழந்தையாயிரும். வீட்ல எதாவது ஒரு கம்ப்யூட்டர் அந்த வைஃபைல இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தா வைஃபை செட்டிங்ல பாஸ்வேர்ட காட்டுன்னு இருக்கும், ஆண்ட்ராய்டு போன்னா ஷேர்னு தட்டுனா கட்டம் கட்டமா கோடு வரும், கீழயே பாஸ்வேர்டும் இருக்கும். ரெண்டும் இல்லன்னா டெஸ்க்டாப்ப ஒயர்ல சொருகி ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போய் புதுசா ஒண்ணு போட்டுக்குங்க.

ஏற்கனவே குத்திட்டுத்தான் எழுதியிருக்கீங்கன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா கேபிள்காரருக்கு போன் போட்டு, கரண்ட் வந்து போனதுல எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொல்லிப் பாருங்க. அவர் நம்ப மாட்டார், ஆனா வந்து போட்டுக் கொடுப்பார்.